இருக்கிற சொல்லைத் தேடல் காட்டவில்லையா? தமிழ்த் தேடலைப் பழுதுபார்க்கும் வரிசை

இதழ்க் கட்டுரைத் தொகுப்பு, நூலகப் பட்டியல், சங்கத்தின் ஆவணச் சேமிப்பு என எதுவாக இருந்தாலும் புகார் ஒன்றுதான்: "கண்ணுக்கு முன்னால் சொல் இருக்கிறது, தேடினால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வருகிறது." உடனே பெரும்பாலோர் இண்டெக்ஸை (தேடலுக்காகத் தயாரித்து வைக்கும் சொல் அட்டவணையை) அழித்துப் புதிதாகக் கட்டுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் தேடல் மென்பொருளையே மாற்றுவார்கள். இரண்டும் கடைசியில் செய்ய வேண்டியவை. தமிழ்த் தேடலில் பழுது பெரும்பாலும் சேமித்த எழுத்திலேயே இருக்கும். கெட்ட எழுத்தின்மேல் எத்தனை முறை இண்டெக்ஸ் கட்டினாலும் கெட்ட இண்டெக்ஸ்தான் கிடைக்கும்.

ஆகவே வரிசை இது: முதலில் பழுது எந்த அடுக்கில் என்று பிரித்தறிவது, பிறகு எழுத்தைச் சரிசெய்வது, பிறகு இணைப்பையும் சொல் பிரிப்பையும் பார்ப்பது, அதன் பின்பே இண்டெக்ஸ். எடுத்துக்காட்டுகள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை வைத்துச் சொல்லப்படுகின்றன. 2, 4, 7, 8 ஆகிய படிகளும் 3-ஆம் படியின் எழுத்துருப் பகுதியும் எந்தத் தரவுத்தளத்துக்கும் பொருந்தும். கட்டளைப் பெயர்கள் இங்கே தமிழெழுத்தில் உள்ளன. தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

தொடங்குமுன் வேண்டியவை

தரவுத்தளத்தின் முழு பேக்கப் ஒன்று. அதை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து, ஒரு தமிழ்ப் பதிவாவது சரியாகப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பேக்கப் எடுக்கும் கட்டளையே தவறான குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஓடினால், கேள்விக்குறிகள் நிறைந்த கோப்புதான் மிஞ்சும்.

எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபிஸ் கால்க் ஒன்று. எழுத்துகளின் எண்ணைப் பார்க்க இது போதும்.

பிரச்சினை தரும் பதிவுகளில் குறைந்தது ஐந்து. அவை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்கள் ஏற்றியவையாக இருக்கட்டும். ஒரே ஆள் ஏற்றியவற்றை மட்டும் பார்த்தால் அவர் பயன்படுத்திய விசைப்பலகையின் குறை மட்டும்தான் தெரியும்.

1. சோதனைச் சொற்களை நடுங்கள்

புதிய பதிவு ஒன்றை உருவாக்குங்கள். அதில் ஓர் ஆங்கிலச் சொல், பிறகு 'மரம்', 'கொடி', 'பூ', 'வீட்டில்' ஆகிய நான்கையும் கையால் தட்டுங்கள். வேறெங்கிருந்தும் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் அந்த இடத்தின் குறையும் கூடவே வந்துவிடும்.

இப்போது ஆங்கிலச் சொல், 'மரம்', 'கொடி', 'பூ', 'வீடு' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அடுத்து இதே மாதிரியான சொற்கள் உள்ள பழைய பதிவு ஒன்றை எடுத்து அதற்கும் தேடிப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பழுது எங்கே என்பதை இந்தக் கட்டமே சொல்லிவிடும்.

ஆங்கிலச் சொல்கூட வரவில்லை என்றால் தமிழுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இண்டெக்ஸ் ஓடவில்லை, அல்லது அந்தப் பதிவைப் பார்க்க உங்கள் கணக்குக்கு அனுமதியில்லை, அல்லது பழைய விடையை கேஷ் காட்டுகிறது. வெளியேறி, மறுபடி நுழைந்து, கேஷை அழித்துப் பாருங்கள். பிறகு 6-ஆம் படிக்குப் போங்கள்.

புதுப் பதிவில் எல்லாம் வருகிறது, பழையதில் தமிழ் எதுவுமே வரவில்லை, ஆனால் பழைய பதிவின் ஆங்கிலச் சொல் வருகிறது என்றால் பழுது பழைய குறியாக்கம். 3-ஆம் படி.

பழைய பதிவில் 'மரம்' வருகிறது, 'கொடி' வரவில்லை. புதுப் பதிவில் இரண்டும் வருகின்றன. இது கொம்புக்குறிப் பழுது. 4-ஆம் படி.

புதுப் பதிவிலேயே 'மரம்' வந்து 'கொடி' வரவில்லை என்றால் கதை வேறு. சொல்லைப் பிரிக்கும் நிரல், உயிர்மெய்க் குறிகளை வெட்டி எறிகிறது. 5-ஆம் படி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். அதற்காகவே புதுப் பதிவும் பழைய பதிவும் தனித்தனியாக வேண்டும் என்கிறோம்.

'பூ' மட்டும் வரவில்லை என்றால் குறைந்தபட்ச நீளம், 6-ஆம் படி. 'வீடு' என்று தேடி 'வீட்டில்' வரவில்லை என்றால் அது பழுதே அல்ல, மொழியின் இயல்பு, 7-ஆம் படி.

2. சொல்லின் எண்களைப் பாருங்கள்

திரையில் தெரிவதை நம்பாதீர்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு இரண்டு வெவ்வேறு எண் வரிசைகளாக இருக்கலாம். தேடல் எண்களைத்தான் ஒப்பிடுகிறது.

தரவுத்தளத்திலிருந்து சொல்லை நகலெடுத்து எக்ஸெல்லில் ஏ1 கட்டத்தில் ஒட்டுங்கள். 'லென்' செயற்கூறு நீளத்தைத் தரும். 'மிட்' செயற்கூறால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து 'யூனிகோட்' செயற்கூறுக்குக் கொடுத்தால் அதன் எண் கிடைக்கும். யூனிகோட் செயற்கூறு முதல் எழுத்தை மட்டுமே பார்க்கும். மிட் இல்லாமல் முழுச் சொல்லையும் கொடுத்தால் ஒரே எண்தான் வரும்.

சரியான 'கொடி' என்பதன் நீளம் 4. எண்கள்: 2965, 3018, 2975, 3007. அதாவது க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. தமிழ் எழுத்துகளுக்கான இடம் 2944 முதல் 3071 வரை. இந்த எல்லைக்கு வெளியே வருகிற ஒவ்வோர் எண்ணும் ஒரு தடயம்:

63 என்றால் கேள்விக்குறி. சேமிக்கும்போதே எழுத்து போய்விட்டது. எந்த மாற்றியும் அதை மீட்காது. பேக்கப்பிலிருந்தோ மூலக் கோப்பிலிருந்தோ மறுபடி ஏற்றுவதுதான் வழி.

224-உம் 174-உம் திரும்பத் திரும்ப வந்தால், சரியான யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான குறியாக்கம்) எழுத்தை யாரோ லத்தீன் (பழைய ஐரோப்பியக் குறியாக்கம்) என்று தவறாகப் படித்திருக்கிறார்கள். இதை மீட்கலாம்.

எல்லா எண்களும் 127-க்குக் கீழே, ஆனால் ஆங்கிலமாகவும் படிக்க முடியவில்லை என்றால் பாமினி வகை எழுத்துரு. 128 முதல் 255 வரையான எண்கள் கலந்து வந்தால் டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய தமிழ்க் குறியாக்கங்கள்.

57344 முதல் 63743 வரை என்றால் தனியார் பயன்பாட்டு இடம். டேஸ்16 குறியாக்கத்தில் தட்டியிருக்கலாம்.

8203, 8204, 8205, 65279 ஆகியவை கண்ணுக்குத் தெரியாத குறிகள். 160 என்பது சாதாரண இடைவெளிபோலத் தெரியும் பிரியா இடைவெளி. 65533 என்றால் எழுத்தின் பைட்டுகளை யாரோ நடுவில் வெட்டிவிட்டார்கள். சுருக்கம் எடுக்கும் நிரல் பைட் கணக்கில் வெட்டுகிறதா என்று பாருங்கள்.

3. குறியாக்கப் பழுதைச் சரிசெய்யுங்கள்

எழுத்துரு வழித் தமிழிலிருந்து தொடங்குவோம். பாமினியில் தட்டிய பதிவு அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள்தான். மெய்யின் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளி. இறக்குமதி செய்யும் நிரல் நிறுத்தற்குறிகளைச் சுத்தம் செய்கிறேன் என்று அரைப்புள்ளிகளை நீக்கியிருந்தால், மெய்யெழுத்துகள் எல்லாம் புள்ளி இழந்திருக்கும். அப்படிப்பட்ட பதிவை மாற்றியில் போட்டுப் பயனில்லை. மூலக் கோப்பைத் தேடுங்கள்.

மாற்றுமுன் ஆங்கிலப் பத்திகளைத் தனியே பிரித்தெடுங்கள். மாற்றிக்கு எது பாமினி, எது ஆங்கிலம் என்று தெரியாது. ஆங்கில முகவரியையும் மின்னஞ்சலையும் அர்த்தமற்ற தமிழாக்கிவிடும். வேர்டு கோப்பு இன்னும் கையில் இருந்தால் எழுத்துருப் பெயரை வைத்துப் பிரிக்கலாம். வெறும் உரையாக ஏற்றிவிட்டால் அந்த அடையாளம் போய்விடும், பிறகு கண்ணால்தான் பிரிக்க வேண்டும். டிஸ்கி, டாப், டாம் மூன்றுக்கும் தனித்தனி மாற்றிகள் வேண்டும். முதலில் பத்து வரியை மாற்றிப் படித்துப் பார்த்துவிட்டே மொத்தத்தையும் ஓடவிடுங்கள்.

அடுத்தது 224, 174 பழுது. மைஎஸ்கியூஎல்லின் இயல்புக் குறியாக்கம் 8.0 பதிப்பில்தான் யுடிஎஃப்8எம்பி4 ஆனது. அதற்கு முன் லத்தீன்1. பழைய தளங்களில் இந்தப் பழுது மலிந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான். இது இரண்டு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு, மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும்.

தலைப்பு 'மரம்' என்று ஒரே சொல்லாக உள்ள பழைய பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பின் குறியாக்கம் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கும்போது, 'லெங்த்' கொடுப்பது பைட் எண்ணிக்கை, 'கேர் லெங்த்' கொடுப்பது எழுத்து எண்ணிக்கை. 'மரம்' என்பதில் நான்கு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆகவே சரியான விடை 12, 4.

12, 12 என்று வந்தால் பைட்டுகள் சரி, டேபிள் மட்டும் தன்னை லத்தீன் என்று சொல்லிக்கொள்கிறது. டேபிளில் அந்தப் பத்தியை (நெடுவரிசையை) முதலில் பைனரி வகைக்கு, அதாவது வார்பைனரி அல்லது ப்ளாபுக்கு, மாற்றுங்கள். பிறகு யுடிஎஃப்8எம்பி4 உரைக்கு மாற்றுங்கள். நேரடியாக லத்தீனிலிருந்து மாற்றினால் மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்து மொழிபெயர்க்கும். அடுத்த வகைப் பழுது உண்டாகும். பைனரி பத்தியில் முழுஉரை இண்டெக்ஸ் நிற்காது என்பதால் அதை முதலில் நீக்கிவிடுங்கள்.

24, 12 என்று வந்தால் இரட்டைக் குறியாக்கம் ஏற்கெனவே நடந்துவிட்டது. பத்தியை லத்தீன்1-க்கு மாற்றி, அதை பைனரியாக்கி, அதை யுடிஎஃப்8எம்பி4 ஆகப் படிக்கும் மூன்றடுக்கு 'கன்வர்ட்' வேண்டும். இதை முதலில் செலக்ட்டில் ஓட்டித் திரையில் பாருங்கள். சரியாகத் தெரிந்த பிறகே அப்டேட். பாதி பதிவுகள் நல்லவை, பாதி கெட்டவை என்று கலந்திருந்தால் 224, 174 உள்ளவற்றுக்கு மட்டும் ஓட்டுங்கள். நல்ல பதிவின்மேல் ஓட்டினால் அது கேள்விக்குறியாகிவிடும்.

4. ஒரே எழுத்து, இரண்டு வடிவம்

ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம். 3014, 3006 என்று கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் 'கொ' என்றே தெரியும். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் தேடலுக்கு அது தெரியாது. இப்படித் தட்டிய 'கொடி'யின் நீளம் 5.

என்எஃப்சி என்னும் நார்மலைசேஷன் (சமமான வடிவங்களை ஒரே வடிவாக்குதல்) இதைச் சரிசெய்யும். பிஎச்பியில் இன்ட்ல் நீட்சியிலுள்ள நார்மலைசர், பைத்தானில் யூனிகோட்டேட்டா, ஜாவாஸ்கிரிப்ட்டில் நார்மலைஸ், போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதிலேயே ஒரு நார்மலைஸ் செயற்கூறு என எங்கும் கிடைக்கிறது. மைஎஸ்கியூஎல்லுக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் நான்கு 'ரீப்ளேஸ்' போதும், ஏனெனில் தமிழில் சேரும் இணைகள் நான்குதான்:

3014, 3006 → 3018 (ொ)
3015, 3006 → 3019 (ோ)
3014, 3031 → 3020 (ௌ)
2962, 3031 → 2964 (ஔ)

எத்தனை பதிவுகள் மாறும் என்று எண்ணும்போது பைனரி ஒப்பீட்டைப் பயன்படுத்துங்கள். சில ஒப்பீட்டு விதிகள் இரண்டு வடிவங்களையும் சமமாகக் கருதக்கூடும். எண்ணிக்கை தப்பாக வரும்.

சேமித்த எழுத்தை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள். தேடல் பெட்டியில் தட்டப்படும் சொல்லையும் தேடுமுன் இதே என்எஃப்சிக்குக் கொண்டுவர வேண்டும். புதிதாகச் சேமிக்கப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் இது நடக்க வேண்டும். இதை விட்டால் மூன்று மாதத்தில் அதே புகார் திரும்பி வரும்.

இனி, என்எஃப்சி தொடாத பழுதுகள். உண்மையான உழைப்பு இவற்றில்தான்.

ஔகாரக் குறியின் பின்பாதி (3031) 'ள' எழுத்தைப் போலவே (2995) இருக்கும். ஆகவே 'கௌரவம்' என்பதைப் பலரும் க, கொம்பு, ள என்று தட்டி 'கெளரவம்' ஆக்கியிருப்பார்கள். 'ஔவையார்' பல இடங்களில் 'ஒளவையார்'. இவை எழுத்துப்பிழைகள், யூனிகோட் கணக்கில் சமமல்ல, அதனால் என்எஃப்சி அப்படியே விட்டுவிடும். 'கெள' வருமிடமெல்லாம் 'கௌ' என்று ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கெளுத்தி மீன் 'கௌுத்தி' ஆகிவிடும். அதேபோல 'ஒள'வை 'ஔ' ஆக்கினால் 'ஒளி' கெடும். சொற்பட்டியல் வைத்தே மாற்றுங்கள்: கௌரவம், கௌதமன், மௌனம், பௌர்ணமி, பௌத்தம், சௌந்தர்யம், ஔவை, ஔடதம் என்று தொடங்கினால் ஐம்பது சொற்களுக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும்.

'ஸ்ரீ' இரண்டு விதமாகத் தட்டப்படுகிறது: ஸ (3000) வைத்தும் ஶ (2998) வைத்தும். 'ஶ' யூனிகோட்டில் 2005-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எழுத்தெல்லாம் முதல் வகை. இதையும் என்எஃப்சி இணைக்காது. இண்டெக்ஸுக்குப் போகும் நகலில் ஏதாவது ஒன்றாக ஆக்கிவிடுங்கள், மூலத்தைத் தொட வேண்டாம்.

காலுக்கு (3006) பதில் 'ர' (2992), 'க'வுக்குப் பதில் தமிழ் எண் ௧ (3047), 'உ'வுக்குப் பதில் ௨ (3048), 'எ'வுக்குப் பதில் ௭ (3053), 'அ'வுக்குப் பதில் ௮ (3054) ஆகியவை வருடிய பக்கங்களை எழுத்துணரி படித்த பதிவுகளில் கிடைக்கலாம். 3046 முதல் 3055 வரையான எண் வேறு எழுத்துகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லுக்குள் வந்தால் பெரும்பாலும் அது பிழைதான்.

கண்ணுக்குத் தெரியாத குறிகளில் 8203, 65279 இரண்டையும் கவலையின்றி நீக்கலாம். 160-ஐச் சாதாரண இடைவெளியாக்குங்கள். 8204 மட்டும் சற்று யோசிக்க வேண்டியது: க், ஷ இரண்டும் சேர்ந்து கூட்டெழுத்தாகிவிடாமல் தடுக்க அதை வேண்டுமென்றே போடுவார்கள். காட்சிக்கான மூலத்தில் விட்டுவைத்து, இண்டெக்ஸ் நகலிலும் தேடும் சொல்லிலும் நீக்குங்கள்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்த உரையில் இன்னொரு சிக்கல்: கொம்பு, எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். 'கொடி' என்பது 'ெகாடி' ஆகியிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. 3006 முதல் 3021 வரையான எந்தக் குறியும் ஒரு சொல்லின் தொடக்கத்தில் வர முடியாது. வந்தால் அந்த உரை தலைகீழ் வரிசையில் உள்ளது. முன்னால் நிற்கும் ெ, ே, ை குறிகளை அடுத்த மெய்யின் பின்னால் நகர்த்தி, பிறகு என்எஃப்சி ஓட்டுங்கள். இந்த நகர்த்தலை அந்தப் பிடிஎஃப் உரை முழுவதற்கும் செய்ய வேண்டும். பிழையாகத் தெரிகிற சொற்களுக்கு மட்டும் செய்தால் தவறும். 'தமிழகமெங்கும்' இந்த வரிசையில் 'தமிழகெமங்கும்' என்று கிடக்கும். நடுவில் 'கெ' என்று ஒழுங்காகத் தெரிவதால் எந்தச் சோதனையிலும் சிக்காது. அதே காரணத்தால், நல்ல உரையின்மேல் இந்த நகர்த்தலை ஓட்டினால் நல்லதெல்லாம் கெடும்.

5. இணைப்பும் சொல் பிரிப்பும்

எழுத்து சுத்தமான பிறகும் புதுப் பதிவில் தமிழ் வரவில்லை என்றால், தட்டிய சொல் தரவுத்தளம்வரை முழுதாகப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். தேடல் நிரல் தரவுத்தளத்துக்கு அனுப்பும் சொல்லை எண்களாக லாகில் அச்சிடுங்கள். சொல்லாக அச்சிட்டால் லாக் கோப்பின் குறியாக்கம் குறுக்கே வந்து குழப்பும்.

முகவரிப் பட்டையில் 'கொடி' 36 குறிகளாக நீளும்: நான்கு எழுத்து, எழுத்துக்கு மூன்று பைட்டு, பைட்டுக்கு மூன்று குறி. ஆகவே ஆங்கிலத்துக்கு வைத்த நீள வரம்பு தமிழ்ச் சொற்றொடரை நடுவில் வெட்டிவிடும். சதவீதக் குறிக்குப் பின்னால் 25 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தால், சொல் இருமுறை குறியாக்கப்படுகிறது.

இணைப்பின் குறியாக்கத்தை நிரலிலேயே யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாக எழுதுங்கள். டேபிள் சரியாக இருந்து இணைப்பு லத்தீனாக இருந்தால், சேமிப்பதும் தேடுவதும் ஒரே மாதிரி தவறாக நடந்து எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். வேறொரு நிரல் தொடும் அன்று பழுது வெளிவரும்.

அடுத்தது வெட்டும் பழுது. பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீட்டு முறை) 'சொல் எழுத்து' என்னும் குறியீடு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. 'வணக்கம்' என்பதைக் கொடுத்தால் 'வணக', 'கம' என்று இரண்டு துண்டுகள் வரும். 'கொடி' க, ட என்று சிதறும். ஒற்றை எழுத்து என்பதால் இரண்டும் குப்பைக்குப் போகும். 'மரம்' மட்டும் 'மரம' என்று பிழைத்துக்கொள்ளும், தேடும் சொல்லும் அப்படியே வெட்டுப்படுவதால் விடையும் வரும். 1-ஆம் படியில் பார்த்த அந்த விநோதத்தின் காரணம் இதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்தக் குறியீடு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது.

யூனிகோட் பண்புகளைப் புரிந்துகொள்ளும் ரெகெக்ஸில், எழுத்து வகையோடு துணைக்குறி வகையையும் எண் வகையையும் சேர்த்துச் 'சொல்' என்று வரையறுங்கள். அது முடியாவிட்டால் இடைவெளியிலும் நிறுத்தற்குறியிலும் மட்டும் பிரியுங்கள். தமிழுக்கு அது போதும்.

6. இண்டெக்ஸ்

மைஎஸ்கியூஎல் டேபிள்களைச் சேமிக்கும் இரண்டு முறைகள் இன்னோடிபி, மைஐசாம். இன்னோடிபி முழுஉரை இண்டெக்ஸ் மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல்லைச் சேர்ப்பதில்லை. மைஐசாம் நான்குக்குக் குறைந்ததைச் சேர்ப்பதில்லை. 'எழுத்து' என்று இங்கே கணக்கிடப்படுவது யூனிகோட் குறிகள். பூ, கை, தீ, தை எல்லாம் இரண்டு. மலை, ஆடு, நதி மூன்று. மைஐசாமில் இருந்தால் 'மலை'கூடக் கிடைக்காது.

உறுதிசெய்ய, பூலியன் முறையில் 'பூ' என்பதன் பின்னால் உடுக்குறி (*) வைத்துத் தேடுங்கள். 'பூக்கள்' உள்ள பதிவு வந்து, தனியாகப் 'பூ' உள்ள பதிவு வரவில்லை என்றால் காரணம் நீள வரம்புதான். இன்னோடிபிக்கு 'இன்னோடிபி எஃப்டி மின் டோக்கன் சைஸ்', மைஐசாமுக்கு 'எஃப்டி மின் வேர்ட் லென்' என்ற மதிப்பை அமைப்புக் கோப்பில் 2 ஆக்குங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு முழுஉரை இண்டெக்ஸை நீக்கி மறுபடி உருவாக்குங்கள். மூன்றில் எதை விட்டாலும் பழைய நிலைதான். மறுதொடக்கம் செய்துவிட்டு இண்டெக்ஸைத் தொடாமல் விடுவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. புதிதாகச் சேரும் பதிவில் மட்டும் 'பூ' கிடைக்கும், பழையதில் கிடைக்காது, குழப்பம் இருமடங்காகும்.

மைஐசாமில் இன்னொன்று: பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பதிவுகளில் வரும் சொல்லை இயல்புமுறைத் தேடல் ஒதுக்கிவிடும். இரண்டே பதிவு வைத்துச் சோதித்தால் ஒன்றும் வராது. சோதனைக்குப் பத்துப் பதிவாவது வேண்டும். இன்னோடிபியில் இந்த விதி இல்லை. ஆனால் கமிட் ஆகாத பதிவு தேடலில் தெரியாது.

தேடல் இண்டெக்ஸ் தரவுத்தளத்துக்கு வெளியே தனியாக இருந்தால், மொத்தமாக ஏற்றிய பதிவுகளைச் சந்தேகியுங்கள். பதிவுகளை நேரடியாகத் தரவுத்தளத்தில் கொட்டும்போது, சேமிக்கும் நேரத்தில் இண்டெக்ஸுக்குத் தகவல் சொல்லும் நிரல் ஓடுவதில்லை. அந்தப் பதிவைத் திறந்து எதையும் மாற்றாமல் மறுபடி சேமியுங்கள். உடனே தேடலில் வந்துவிட்டால் காரணம் அதுவே. மொத்தத்தையும் மறுஇண்டெக்ஸ் செய்ய வேண்டும்.

7. உருபும் புணர்ச்சியும்

'தமிழ்' என்று தேடினால் 'தமிழில்' ஏன் வருவதில்லை? தொடக்கம் பொருந்தும் தேடலில்கூட வராது. 'தமிழ்' புள்ளியோடு முடிகிறது. 'தமிழில்' என்பதில் ழகரத்துக்குப் பின் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. எண் வரிசை அங்கேயே பிரிந்துவிடுகிறது.

ஆகவே தேடும் சொல்லின் கடைசிப் புள்ளியை நீக்கி உடுக்குறி சேருங்கள்: 'தமிழ*'. தமிழில், தமிழை, தமிழர் எல்லாம் வரும். உகரத்தில் முடியும் சொல்லுக்கு உகரக் குறியை நீக்குங்கள்: 'வீட*' என்றால் வீடு, வீடுகள், வீட்டில், வீட்டுக்கு அனைத்தும். 'ஆற*' ஆற்றில் என்பதையும் பிடிக்கும். கூடவே ஆறுதலும் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். மகரமெய்யில் முடிவதற்கு இது போதாது. 'மரம*' என்பதில் 'மரத்தில்' வராது. 'மர*' என்றால் மரபும் மரணமும் கொட்டும். 'மரம*', 'மரத்த*', 'மரங்க*' என்று மூன்றையும் 'அல்லது' போட்டுத் தேடுங்கள். இந்த மூன்று விதிகளையும் நிரலில் எழுதினால் பெயர்ச்சொற்களில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

லகர, ளகர மெய்யில் முடிவனவற்றைத் தனியே கவனியுங்கள்: கல், கற்கள்; பல், பற்கள்; முள், முட்கள். சிறு பட்டியல் போதும். 'கதையைப் படித்தான்' என்பதில் வருகிற வல்லொற்று, சொல் முழுதாகப் பொருந்த வேண்டும் என்ற தேடலை முறித்துவிடும். சொல்லின் கடைசியில் க், ச், த், ப் வந்தால் இண்டெக்ஸ் நகலில் அதை நீக்குங்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த 'புக்', 'கப்' போன்றவற்றையும் அது வெட்டும் என்பதால், தேடும் சொல்லிலும் அதே விதியை ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டால் பொருத்தம் கெடாது.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோருக்கு 12-ஆம் பதிப்பு முதல் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் உள்ளேயே வருகிறது. உரை அமைப்பைத் தமிழ் என்று மாற்றி இண்டெக்ஸைக் கட்டுங்கள். தேடும் வினவலிலும் அதே அமைப்பைச் சொல்ல மறந்தால், ஒரு பக்கம் வேரும் மறுபக்கம் முழுச்சொல்லுமாக நின்று எதுவும் பொருந்தாது.

8. எழுத்து வேறுபாடுகள்

கோயில், கோவில், ராமன், இராமன், லண்டன், இலண்டன், கணினி, கணிணி, ராஜா, இராசா. எது சரி என்று தேடல் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, எழுதியவர் எப்படி எழுதினாரோ அப்படிக் கண்டுபிடித்துத் தந்தால் போதும். மூல உரையைத் திருத்தாமல் ஒத்தசொல் பட்டியலாக வையுங்கள். ர, ல முன்னால் வரும் இகரத்தை மட்டும் பொதுவிதியாக எழுதலாம், அதுவும் பெயர்களுக்கு மட்டும். 'இரவு' என்பதை 'ரவு' ஆக்கும் விதி யாருக்கும் உதவாது.

9. மறுபடி 1-ஆம் படி

நட்டு வைத்த சோதனைப் பதிவை அழிக்காதீர்கள். பொதுவில் தெரியாமல் மறைத்து வையுங்கள். சர்வர் மாற்றினாலும், பதிப்பு உயர்த்தினாலும், பேக்கப்பிலிருந்து மீட்டாலும் அந்த ஐந்து சொற்களையும் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

விடை கிடைக்காத தேடல்களையும் ஒரு டேபிளில் சேர்த்து வையுங்கள்: தட்டிய சொல், அதன் எண் வரிசை, நாள். தேடியவர் யார் என்பது வேண்டாம். மாதம் ஒருமுறை அதைத் திறந்தால், 8204 கலந்த சொற்களும் 'ஒளவையார்'களும் வரிசையாக நிற்கும். 4-ஆம் படியின் சொற்பட்டியலிலும் 8-ஆம் படியின் ஒத்தசொல் பட்டியலிலும் அடுத்துச் சேர்க்க வேண்டியவை அவையே.